சத்தியமங்கலத்தில் அடித்த யானைக் காசு

குந்தாப் பக்கத்து பிக்கட்டியிலிருந்து சமவெளிக்கு இறங்க இன்று மஞ்சூர், கெத்தை, காரமடை என்று பேருந்துச் சாலை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் நீலகிரி மேட்டுநிலம் முழுவதற்கும் அரசாங்கம் என்றால் அது கீழே இருந்த தணாயக்கன்கோட்டைதான். மலை அந்தச் சீமையோடு சேர்ந்தது. மலையின் வரி அங்கேதான் இறங்கியது. அந்தக் கோட்டையை இப்போது பார்க்க முடியாது. பவானிசாகர் அணை கட்டியபோது நீருக்குள் போய்விட்டது. அதற்குக் கிழக்கே, ஒரு நாள் நடைக்குள், சத்தியமங்கலம். திப்பு சுல்தான் அந்த ஊருக்கு சலாமாபாத் என்று பெயர் வைத்தார். அங்கே ஒரு தங்கசாலையும் நடத்தினார்.

தங்கசாலை என்று வழக்கத்தில் சொன்னாலும், அங்கிருந்து நம் கைக்கு வருவது செம்பு. ஒரு பக்கம் நடக்கும் யானை. மறுபக்கம் பாரசீக எழுத்தில் ஊரின் புதுப் பெயர். தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெரிய தங்கசாலை இருக்கும்போது, மலைத்தொடருக்கு இந்தப் பக்கம், பவானிக் கரையில், செல்லாக்காசுக்குச் சற்று மேலான ஒரு செம்புக் காசை அடிக்க அச்சும் ஆளும் உலையும் எதற்கு? காசைக் கலையழகுக்காகவோ அரிய பொருளாகவோ மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். மைசூரில் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் நடத்திய அரசு, போரில் பிறந்து போரிலேயே வாழ்ந்து போரில் முடிந்தது. அதன் காசுகளைப் பொன், வெள்ளி, செம்பு என்று தனித்தனியே படித்தால், ஒரே அரசு மூன்று வகை மனிதரிடம் மூன்று விதமாகப் பேசியிருப்பது தெரியும்.

அதை ஒரு புதிய அரசு என்றே சொல்வேன். மைசூர் பழையது, ஹைதரின் மைசூர் புதியது. 1761இல் ஹைதர் அலி அதிகாரத்தைக் கைப்பற்றினார். உடையார் மரபின் அரசர் அரண்மனையில் அரசராகவே இருந்தார். கொலு நடந்தது, தசரா நடந்தது. படையும் வரியும் தூதும் ஹைதரிடம். அரியணையில் அமராதவர் காசில் என்ன பொறிப்பார்? 1763இல் அவர் பெத்னூரைப் பிடித்தார். இக்கேரி நாயக்கர்களின் செல்வம் முழுக்க அங்கே இருந்தது. அவர்களுடைய பொன் வராகனில் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள். விஜயநகரக் காலத்திலிருந்து வந்த உரு அது. ஊருக்கு ஹைதர் நகர் என்று பெயர் மாறியது. வராகனின் முகம் மாறவில்லை. சிவனும் பார்வதியும் அப்படியே இருந்தார்கள். பின்பக்கத்தில் மட்டும், புள்ளிகள் நிறைந்த தளத்தின் நடுவே, 'ஹே' என்ற ஒரே அரபு எழுத்து வந்தது. ஹைதரின் முதலெழுத்து.

இதை மதநல்லிணக்கத்தின் சான்றாக மேடையில் சொல்வார்கள். நல்லிணக்கம் இருந்திருக்கலாம். ஆனால் காசின் வேலையை அறிந்தவர்கள் முதலில் சராப்புகளை நினைப்பார்கள். தென்னாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பொன் காசுகள் புழங்கிய காலம் அது. கடைத்தெருவில் உட்கார்ந்து உரைத்துப் பார்த்து, எடை பார்த்து, வட்டம் பிடித்து மாற்றிக் கொடுக்கும் சராப்புதான் ஒரு காசின் மதிப்பை முடிவு செய்தார். அவர் கண்ணுக்குப் பழகிய உருவை மாற்றினால், பொன் அதே மாற்றில் இருந்தாலும் வட்டம் கூடும். போருக்குக் குதிரை வாங்குகிறவன், வெடியுப்பு வாங்குகிறவன், கடலோரத்து வணிகனிடம் செம்பும் ஈயமும் வாங்குகிறவன் அந்த இழப்பைத் தாங்க முடியாது. ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ள அந்தப் பொன் வராகன் போகிற இடமெல்லாம் தடையின்றிப் போக வேண்டும். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எல்லாரும் சொல்லும் செய்தி. சந்தையை அவர் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தார் என்பதை இந்த வராகன் சொல்கிறது.

சின்னப் பணத்திலும் இதே பொறுமைதான். பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் வெளியிட்ட கண்டீரவப் பணம், அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் மைசூர்ச் சீமையின் அளவுகோலாக இருந்தது. நரசிம்ம உரு பொறித்த மிகச் சிறிய பொன் காசு. உள்ளங்கையில் வைத்து மூச்சு விட்டால் நழுவிவிடும். இப்படிப்பட்ட பணங்களை எண்ணுவதற்கென்றே குழிகள் வெட்டிய பலகை உண்டு. பலகையில் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. பத்துக் கண்டீரவப் பணம் சேர்ந்தால் ஒரு கண்டீரவ வராகன். அந்த வராகன் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே வாழ்ந்தது, காசாக அடிக்கப்படவே இல்லை. பொன்னில் புதுமை செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இறந்த அரசரின் பணத்தை வைத்து, இல்லாத வராகனில் வரிக்கணக்கு எழுதிய நாடு அது.

செம்பில் கதை வேறு. ஹைதரின் ஆட்சியில் போர் நிற்காத ஆண்டுகள் குறைவு. மராத்தியரோடு 1764 முதல் இரண்டு நீண்ட போர்கள், கிழக்கிந்தியக் கம்பெனியோடு 1767 முதல் 1769 வரை ஒன்று, பிறகு 1780இல் ஆர்க்காட்டுச் சமவெளியில் இறங்கிய பெரும்படை. அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஹைதரின் யானைக் காசு பிறந்தது இந்தக் கட்டத்தில்தான். ஹிஜ்ரி 1195, 1196 என்ற ஆண்டுகளோடு, அதாவது 1780க்கும் 1782க்கும் இடையில், ஸ்ரீரங்கப்பட்டணத் தங்கசாலையின் 'பட்டணம்' என்ற பெயரோடு முதல் யானைகள் வந்தன. ஹைதர் 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே முகாமிலேயே இறந்தார். அவர் தொடங்கிய யானையை மகன் நாட்டின் எல்லாத் திசைக்கும் நடத்தினார்.

போருக்கும் செம்புக்கும் என்ன தொடர்பு? ஒரு பெரும்படை முகாமிட்டால் அங்கே ஒரு நகரம் எழும். சிப்பாய், குதிரைக்குப் புல் வெட்டுகிறவன், பீரங்கி இழுக்கும் மாட்டை ஓட்டுகிறவன், பல்லக்குத் தூக்குகிறவன், இவர்களோடு வரும் குடும்பங்கள். தானியத்தை ஆயிரக்கணக்கான மாடுகளில் ஏற்றி வருகிறவர்கள் லம்பாடிகள். முகாம் கடையில் ஒரு படி கேழ்வரகு, ஒரு கட்டு விறகு, கொஞ்சம் உப்பு, புகையிலை வாங்கப் பொன் பணமே பெரிது. சில்லறை இல்லாவிட்டால் சிப்பாய் கடன் வைப்பான், அல்லது பறிப்பான். பறிக்கத் தொடங்கினால் அடுத்த ஊரில் கடை வராது, தானியம் ஒளிந்துகொள்ளும். சொந்த நாட்டுக்குள் படை நடத்தும் அரசு, சில்லறை இல்லாமல் நாட்டைக் காப்பாற்ற முடியாது. செம்பு அந்த நாட்டில் விளைவதும் இல்லை. கடல்வழியாக வர வேண்டும். அப்படி வந்த செம்பில் ஒரு பகுதியைப் பீரங்கிக்கு விடாமல் காசுக்கு ஒதுக்கினார்கள் என்றால், அது எவ்வளவு அவசரத் தேவை என்று புரிந்துகொள்ளலாம்.

படிக்கத் தெரியாதவனுக்கும் யானை புரியும். மைசூர்ச் சீமையில் செம்புக் காசில் யானை புதிதும் இல்லை. சில காசுகளில் யானை வலப்பக்கம் பார்க்கிறது, சிலவற்றில் இடப்பக்கம். துதிக்கை தூக்கியது, தொங்கவிட்டது, வாலை வீசியது, முதுகில் கொடி ஏந்தியது என்று அச்சு வெட்டியவனின் கைவாகு ஊருக்கு ஊர் வேறுபடும். செம்புத் தகடு அச்சைவிடச் சிறியதாக இருப்பது வழக்கம் என்பதால், ஒரே காசில் முழு எழுத்தும் கிடைப்பது அரிது. நாலைந்து காசுகளை அருகருகே வைத்துத்தான் ஊர்ப் பெயரை ஒட்டிப் படிக்க முடியும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் 1921இல் ஹைதர், திப்பு காசுகளைப் பற்றி வெளியிட்ட நூல் இப்படிப் பொறுமையாக ஒட்டிப் படித்ததன் பயன். இன்றும் இத்துறையில் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வெள்ளிக்கு வருவோம். இங்கேதான் திப்பு தந்தையிடமிருந்து விலகினார். அப்போது இந்தியாவில் ரூபாய் அடித்தவர்களில் பெரும்பாலோர் முகலாயப் பேரரசர் பெயரைப் போட்டே அடித்தார்கள். ஹைதராபாத் நிஜாம், ஆர்க்காட்டு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி, எல்லாரும். கம்பெனியின் ஆர்க்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் பெயர் இருக்கும். அவர் 1759இல் கொல்லப்பட்டவர். பல பத்தாண்டுகள் கழித்தும் அவர் பெயரிலேயே காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். டெல்லியில் அதிகாரம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெயர் இருந்தால்தான் ரூபாய் ரூபாயாகும்.

திப்பு அந்தப் பெயரை எடுத்துவிட்டார். அவருடைய ரூபாயின் ஒரு பக்கம், நபியின் மார்க்கம் ஹைதரின் வெற்றியால் உலகில் ஒளிர்வதாகச் சொல்கிறது. ஹைதர் என்பது தந்தையின் பெயரும் ஆகும், கலீஃபா அலியின் பட்டமும் ஆகும். இரண்டையும் கருதியே எழுதியது. மறுபக்கம், ஒருவனாகவும் நீதியாளனாகவும் இருக்கும் சுல்தானைப் பேசுகிறது. திப்பு என்ற பெயரைக் காசில் தேடினால் கிடைக்காது. பொன் வராகனிலும் தந்தையின் 'ஹே' எழுத்தையே தொடர்ந்தார். சிவனும் பார்வதியும் அவர் காலத்து வராகனில் இல்லை, இரு பக்கமும் எழுத்துகளே. தன் பெயரை விட்டுவிட்டு, பேரரசரின் பெயரையும் விட்டுவிட்டு, அரசுரிமையை மட்டும் நிறுத்திய இந்த ரூபாய் போர்க்களத்துக்கு நிகரான சவால். நிஜாமும் கம்பெனியும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 1780களின் நடுவில் அவர் துருக்கி சுல்தானுக்குத் தூதுக்குழு அனுப்பியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டெல்லியைத் தவிர்த்துவிட்டு வேறொரு அங்கீகாரம் தேவைப்பட்டது.

காலத்தையும் மாற்றினார். தொடக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டு. 1787 முதல் நபியின் பிறப்பைத் தொடக்கமாகக் கொண்ட மௌலூதி ஆண்டு. 1215 என்று தொடங்கும் அந்த எண்களை வலமிருந்து இடமாகப் பொறித்தார்கள். பழக்கமில்லாதவர்கள் 1215ஐ 5121 என்று படித்துக் குழம்புவார்கள். ஆனால் இந்தப் புது ஆண்டுக்குள்ளே நம் பழைய பஞ்சாங்கமே இருக்கிறது. நாம் சோபகிருது, குரோதி என்று சொல்லும் அறுபது ஆண்டுச் சுழற்சிக்கு, எழுத்துகளின் எண்மதிப்பை வைத்து அரபுப் பெயர் சூட்டினார். அவர் பட்டத்துக்கு வந்த கணக்கில் காசில் காணப்படும் ஆண்டு நம்முடைய சோபகிருதுதான். உழவும் வரியும் சூரியனையும் பருவத்தையும் பார்த்து நடப்பவை. தூய சந்திர ஆண்டை வைத்து அறுவடை வரி வாங்க முடியாது. அறிவிப்பு புதிதாக இருந்தாலும், கணக்கு பழைய வழியில்தான் ஓடியது.

காசுகளுக்கும் தனித்தனிப் பெயர். பொன்னுக்கு அகமதி, சித்தீகி, ஃபாரூகி என்று நபி, முதல் கலீஃபாக்கள் பெயர். இரட்டை ரூபாய் ஹைதரி, ரூபாய் இமாமி. அதற்குக் கீழே இமாம்களின் பெயர் வரிசை. செம்புக்கு வானத்து ஒளிகள்: காசு சுக்கிரன் பெயரில் ஸோஹ்ரா, அரைக் காசு செவ்வாயின் பெயரில் பஹ்ராம், அரைக்கால் துருவ நட்சத்திரத்தின் பெயரில் குத்பு. ஏறத்தாழ 23 கிராம் எடையுள்ள அந்த இரட்டை ரூபாய், அச்சு வெட்டின் நேர்த்தியில் அக்கால இந்தியாவின் சிறந்த வெள்ளிக் காசுகளில் ஒன்று. சந்தையில் இந்தப் பெயர்களை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு. வராகனும் பணமும் காசும் நாக்கில் ஊறிப்போனவை.

இனி தங்கசாலைகளின் பட்டியலை நிலப்படத்தில் வைத்துப் பார்க்கலாம். பட்டணம், நகர், பெங்களூர் ஆகியவை உள்நாட்டில். மற்றவை எங்கே? வடக்கே மராத்தியரை நோக்கித் தார்வார். நிஜாமை நோக்கிக் குத்தியும் குர்ரம்கொண்டாவும். மேற்குக் கடலோரத்தில் கோழிக்கோடு. பிறகு பேப்பூர் ஆற்றின் கரையில் திப்பு 1788 வாக்கில் புதிதாகக் கட்டத் தொடங்கிய ஃபரூக்கு. கோழிக்கோட்டின் பெயர் மறைய, ஃபரூக்கி என்ற பெயர் காசில் வருகிறது. தெற்குச் சமவெளியைப் பார்த்துச் சத்தியமங்கலம். ஏறக்குறைய எல்லாமே எல்லைப்புறக் கோட்டை ஊர்கள். படை தங்கும் இடம், தானியக் கிடங்கு, வரி வந்து சேரும் கச்சேரி இருக்கும் இடம். அங்கெல்லாம் திப்பு ஊர்ப் பெயரை மாற்றி, அந்தப் பெயரைக் காசில் அடித்துச் சிப்பாயின் மடியில் போட்டார். ஊரின் புதுப் பெயரை எல்லாரிடமும் கொண்டுசேர்க்க அதைவிட விரைவான வழி அப்போது இல்லை.

சத்தியமங்கலத்தின் இருப்பிடமே அதன் காரணம். மைசூர் மேட்டிலிருந்து கோயம்புத்தூர்ச் சமவெளிக்குப் படை இறங்கும் முக்கிய வழி மாயாற்றங்கரையில் இருக்கும் கஜலஹட்டிக் கணவாய். கணவாயைத் தாண்டினால் தணாயக்கன்கோட்டை, அடுத்து சத்தியமங்கலம். 1790இல் ஜெனரல் மெடோஸ் திருச்சிராப்பள்ளியிலிருந்து கிளம்பி கரூர், கோயம்புத்தூர் என்று பிடித்துக்கொண்டு வந்தார். கர்னல் ஃபிளாய்டின் குதிரைப்படை சத்தியமங்கலத்தில் நின்றது. செப்டம்பரில் திப்பு கஜலஹட்டி வழியாக இறங்கினார். 13ஆம் தேதி பவானிக் கரையில் நடந்த சண்டைக்குப் பிறகு கம்பெனிப் படை பின்வாங்கியது. இந்த ஊரில் சில்லறை அடித்ததற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தக் காசு நீலகிரிக்கு ஏறியிருக்குமா? நாக்குபெட்டா எனும் நீலகிரியின் உள்வாழ்க்கை பெரும்பாலும் பண்டமாற்றில் நடந்தது. படகர் தானியம் கொடுப்பார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து தருவார்கள், இசையும் அவர்களுடையது. தோதவரிடமிருந்து நெய், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும். இதற்குக் காசு தேவையில்லை. காசு தேவைப்பட்டது வரிக்கும், கீழிருந்து உப்பும் துணியும் கொண்டுவந்த வியாபாரிக்கும்தான். எனவே மலையில் காசு இருந்தால், அது அரசோ சந்தையோ மலையைத் தொட்ட இடத்தின் தடம். அதனால்தான் நீலகிரித் தோட்டங்களில் மண் வெட்டும்போது கிடைக்கும் பழங்காசு எங்கே கிடைத்தது என்று எழுதிவைப்பது காசைவிட முக்கியம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. நடப்பதோ வேறு. காசு புளியில் தேய்க்கப்பட்டு, பளபளப்பாகி, ஊர்ப் பெயர் அழிந்து, கண்டெடுத்த இடமும் மறந்து விற்பனைக்கு வருகிறது. சலாமாபாத் போன்ற அரிய தங்கசாலையின் காசுக்கு இப்படி நேர்வது பெரிய இழப்பு.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. நாட்டில் பாதி போயிற்று. திண்டுக்கல்லும் பாராமகாலும் மலபாரும் கம்பெனிக்கு, தார்வார் மராத்தியருக்கு. ஆகவே ஃபரூக்கி, தார்வார் பெயர்கள் காசிலிருந்து மறைகின்றன. சத்தியமங்கலமும் கோயம்புத்தூரும் திப்புவிடமே இருந்தன. நிலத்தோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அதில் பாதி உடனே. வராகன், மோகர், முழு எடையும் மாற்றும் உள்ள ரூபாய், இல்லையேல் பொன் வெள்ளிக் கட்டி என்று உடன்படிக்கையே விவரித்தது. மீதிக்கு ஈடாக இரு மகன்கள் பிணையாகப் போனார்கள். திப்புவின் அரசு பத்தாண்டாக அச்சில் வார்த்த இறையாண்மை, எதிரியின் தராசில் வெறும் உலோகமாக நிறுக்கப்பட்டது இங்கேதான். பெயரும் ஆண்டும் வாசகமும் அங்கே செல்லாது, எடையும் மாற்றும் மட்டுமே செல்லும்.

அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தங்கள் முதல் நாணயச் சட்டத்தை நிறைவேற்றின. அந்தப் புதிய நாடு இதே கம்பெனியின் தாய்நாட்டோடு 1775 முதல் 1783 வரை போரிட்டபோது, காசு அடிக்க உலோகம் இல்லாமல் காகிதப் பணமாக அச்சிட்டுத் தள்ளியது. போர் முடியுமுன்பே அது மதிப்பிழந்தது. மைசூர் காகிதத்துக்குப் போகவில்லை. பொன்னையும் வெள்ளியையும் உழவரின் வரியிலிருந்து எடுத்தே போரை நடத்தியது. காகிதப் பணத்தின் சுமை அதை வைத்திருந்தவர்மேல் விழுந்தது. பொன் பணத்தின் சுமை அதைச் செலுத்தியவர்மேல் விழுந்தது. மூன்று கோடியைத் திரட்டிய ஆண்டுகளில் மைசூர்க் குடியானவர் பட்ட பாட்டை, திப்புவைப் போற்றுகிறவர்கள் பேசாமல் விடுவது நியாயமில்லை.

கடைசி நான்கு ஆண்டுகளின் செம்புக் காசில் யானைக்கு மேலே ஒரு சிறு எழுத்து வரும். மௌலூதி 1224க்கு அலிஃப், 1225க்கு பே, 1226க்கு தே, 1227க்கு ஸே. அரபு அகரவரிசையை ஆண்டுக்கு ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு. 1799 மே 4ஆம் நாள் கோட்டை விழுந்து திப்பு இறந்ததும் வரிசை நான்காம் எழுத்தில் நின்றது. வெற்றியைக் கொண்டாடக் கம்பெனி பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் ஆலையில் பதக்கம் அடிக்கச் செய்தது. சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சி அதில் இருக்கிறது. நீராவி எந்திரத்தில் அடித்த அந்தப் பதக்கத்தையும் கைச்சுத்தியலில் அடித்த யானையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், போர்க்களத்துக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது தெரியும்.

கோயம்புத்தூர்ச் சீமையோடு நீலகிரியும் கம்பெனிக்கு வந்தது. சலாமாபாத் மறுபடி சத்தியமங்கலம் ஆனது. 1818இல் சென்னை மாகாணம் வராகனை விட்டு ரூபாயைக் கணக்குப் பணமாக ஏற்றது. அடுத்த ஆண்டு கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். மைசூரில் கோட்டை விழுந்த ஆண்டிலேயே ஐந்து வயது கிருஷ்ணராஜ உடையாரை அமர்த்தியிருந்தார்கள். திப்புவின் நிதிப்பொறுப்பைக் கவனித்த பூர்ணையாவே திவான். புது அரசின் வராகனில் சிவனும் பார்வதியும் திரும்பி வந்தார்கள். செம்பில் யானையை எவரும் எடுக்கவில்லை. பாரசீக ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் கன்னட எழுத்து வந்தது, யானைக்கு மேலே சூரியனும் சந்திரனும் வந்தன. பல ஆண்டு கழித்தே யானையின் இடத்தைச் சிங்கம் பிடித்தது. பெங்களூருக்கு மாறியிருந்த மைசூர்த் தங்கசாலை 1843இல் மூடப்பட்டது.